கவையும் கழுத்தும்

ராயபுரத்தில் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவின் வலது தோளை விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஆர்பரில் மூட்டை தூக்கித் தூக்கி அங்கே தோல் தடித்து, செருப்பு அடியைப் போல மரத்துப் போயிருந்தது. "வலிக்குதா பெரிப்பா?" என்றால், "அது என்னுது இல்லடா, மூட்டையோடது" என்பார். அந்தத் தோள் இருந்த இடத்தில் இன்று இரண்டு இரும்பு விரல்கள். ஃபோர்க்லிஃப்ட். அவர் முப்பது நடை நடந்து இறக்கியதை அது ஒரே மூச்சில் தூக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறது. கருவிகளின் வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறு. சுமந்தவர்கள் பக்கமிருந்து இந்த இரண்டு விரலைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம்.

'ஃபோர்க்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'ஃபுர்கா'விலிருந்து வந்தது. ரோமில் ஃபுர்கா என்பது வைக்கோல் வாரும் கவைக்கோல். போர்வீரன் தன் மூட்டைமுடிச்சைத் தோளில் தொங்கவிடும் கம்புக்கும் அதே பெயர். இன்னொன்றும் உண்டு. தப்பு செய்ததாகச் சொல்லப்பட்ட அடிமையின் கழுத்தில் கவைக்கட்டையை மாட்டி, இரு முனைகளிலும் கைகளைக் கட்டித் தெருவில் நடத்துவார்கள். அவன் 'ஃபுர்கிஃபெர்', அதாவது கவை சுமப்பவன். பிறகு அதுவே 'போக்கிரி' என்னும் வசவாயிற்று. உழைப்பு, சுமை, தண்டனை மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்திருக்கின்றன.

அது சாப்பாட்டு மேசைக்கு ஏறியது பிற்பாடுதான். 11ஆம் நூற்றாண்டில் வெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பைசாந்திய அரசகுமாரி, உணவைக் கையால் தொடாமல் பொன் கவையால் குத்தித் தின்றதைப் பாதிரியார் பீட்டர் டாமியன் கண்டித்து எழுதினார். இங்கிலாந்துக்காரரான தாமஸ் கோரியட் இத்தாலியில் கண்ட முள்கரண்டிப் பழக்கத்தை 1611இல் வெளியான தன் பயண நூலில் விவரித்தார். எல்லோர் விரலும் ஒரேபோல் சுத்தமாக இருப்பதில்லை என்பதே இத்தாலியர் அதற்குச் சொன்ன காரணமாம். ஊர் திரும்பியும் முள்கரண்டியை விடாத கோரியட்டை நண்பர் ஒருவர் 'ஃபுர்கிஃபெர்' என்றே கேலி செய்தார். அதே கோரியட் பிறகு பெரும்பாலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து 1617இல் சூரத்தில் இறந்துபோனார். விரல் சுத்தம் பற்றிய இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. நம்மூர்ப் பந்திகளில் யார் கை பட்டது என்று பார்த்துப் பார்த்து இலை போட்டவர்கள் முள்கரண்டி இல்லாமலேயே அந்த வேலையை முடித்தார்கள்.

தமிழிலும் கவை உண்டு. முல்லைப்பாட்டின் பாசறையில் உண்ண மறுக்கும் யானையை, இளைஞர்கள் வடமொழிச் சொற்களால் ஏவி, கவைமுள் கருவியால் குத்திக் கவளம் உண்ணவைக்கிறார்கள். அங்கும் கவை யார் கையில் இருக்கிறது, யார் உடலில் இறங்குகிறது என்பதே விஷயம்.

இனி ஆர்பருக்கு வருவோம். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி என்பதுதான் பழைய நிலை. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டமும் தொடர்ந்த சங்கப் போராட்டங்களும் பதிவேட்டில் பெயர் ஏறியவனுக்குக் கப்பல் இல்லாத நாளிலும் ஓரளவு கூலி என்ற இடத்துக்குக் கொண்டுவந்தன. 1983இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இறக்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிரிக்கிற, அடுக்குகிற வேலை அதனால் ஒழிந்துவிடவில்லை. துறைமுக மதிலுக்கு வெளியே, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளுக்குப் போய்விட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓடுவது அங்கே, ஒப்பந்தக் கூலி நிற்பதும் அங்கே. 1948 சட்டம் பெரிய துறைமுகங்களுக்குப் பொருந்தாமல் செய்ய வழிவகுத்து 1997இல் இன்னொரு சட்டம் வந்தது. 2001இல் கண்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. இரும்பு விரல் மூட்டையைத் தூக்கிய அதே காலத்தில் பதிவேட்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

இதைச் சொன்னால், "அப்போ மறுபடியும் மூட்டை தூக்கச் சொல்றீங்களா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இல்லை. ஓர் ஆள் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. எங்க தெருவுல குவிண்டால் மூட்டை தூக்கினவங்க இருந்தாங்க. முதுகெலும்பைத் தின்கிற வேலை ஒழியத்தான் வேண்டும். மிச்சமான வலி கூலியாகவோ ஓய்வாகவோ யாருக்குத் திரும்பியது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியது. உறிஞ்சு இயந்திரங்கள் கெட்டிக் கசடில் திணற, ஆட்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளில் போய் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். சரக்கைத் தூக்க இரும்பு விரல் இருக்கிறது. சரக்கு விட்டுப்போன கழிவை அள்ள இந்தக் கரையின் கைகள்தான். எந்த வேலைக்குக் கருவி வரும், எந்த வேலைக்கு வராது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. அந்த வேலையில் லாபம் இருக்கிறதா, செய்கிறவன் யார் என்பவை தீர்மானிக்கின்றன.

கடைசிக் காலத்தில் பெரியப்பாவிடம் ஃபோர்க்லிஃப்ட் பற்றிக் கேட்டேன். "தோள்லேர்ந்து எறக்கிட்டான், நல்லதுதான். எறக்கினத யாரு தலைல வெச்சான்னு போய்ப் பாரு" என்றார். நம் சங்கங்களும் பத்திரிகைகளும் யார்டுகளின் பக்கமும் கழிமுகத்தின் பக்கமும் போய் எழுத வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.