46 நூல்கள், ஒரே மாய உலகம்

1883ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 35 ஆண்டுகள் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் ஒரே கதையுலகைச் சேர்ந்த உருது நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. அமீர் ஹம்சா என்ற வீரனின் கதை அது. மொத்தம் 46 தொகுதிகள். பெரும்பாலானவை ஒவ்வொன்றும் 900 பக்கம், 1,000 பக்கம் என்று நீள்பவை. இவற்றில் மிகப் பெரும்பகுதியை எழுதியவர்கள் மூன்றே பேர்: முஹம்மத் ஹுசைன் ஜாஹ், அஹ்மத் ஹுசைன் கமர், ஷேக் தஸத்துக் ஹுசைன். ஒரு தொகுதி முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வார். ஒரே ஆளின் கையில் இரண்டு மூன்று பெருங்கதைகள் பாதியில் நிற்கும். இத்தனைக்கும் நடுவில் அந்த உலகம் குலையவில்லை. இதை அசுர நினைவாற்றலின் சாதனை என்று சொல்வார்கள். நினைவாற்றலுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. எதை மாற்றவே கூடாது, எதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதை அந்தக் கதைசொல்லிகள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். அந்த அறிவை அவர்களுக்குத் தந்தது, அச்சுக்கு முன்பே பல தலைமுறைகளாகத் தழைத்திருந்த வாய்மொழிக் கலை.

தாஸ்தான் என்பது வீரமும் காதலும் மாயமும் கலந்த நெடுங்கதை; அதைச் சபையில் சொல்பவர் தாஸ்தான்கோ. பாரசீகத்தில் பிறந்த ஹம்சா கதை இந்தியாவுக்கு வந்து அரசவைகளில் வளர்ந்தது. அதற்காக அக்பர் சுமார் 1,400 ஓவியங்களை வரையச் செய்தார். அந்தப் பணி நடந்து முடிய ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. உருதுவில் அச்சேறிய தொடக்ககால வடிவங்கள் சிறியவை. கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக கலீல் அலி கான் அஷ்க் 1801இல் எழுதியதும், 1855இல் காலிப் லக்னவி வெளியிட்டதும், அதைத் திருத்தி 1871இல் அப்துல்லா பில்கிராமி நவல் கிஷோருக்குத் தந்ததும் ஒற்றைத் தொகுதிக்குள் அடங்கியவையே. ஆனால் லக்னோவின் சபைகளில் அதே கதை அச்சுக்கு எட்டாத அளவில் பெருகியிருந்தது. மீர் அஹ்மத் அலி, அவருடைய சீடர் அம்பா பிரசாத் ரஸா போன்றவர்கள் பழைய கதையின் கிளைகளைத் தனித்தனி மரங்களாக வளர்த்தார்கள். 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைக் கைப்பற்றி வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டின் கிளர்ச்சியும் அதன் அடக்குமுறையும் நகரத்தின் புரவலர்களை ஒடுக்கின. 1858இல் முன்ஷி நவல் கிஷோர் அதே நகரத்தில் அச்சகம் திறந்தார். ஆதரவு இழந்த கலைக்கு மாதச் செலவுக்கு வழியும், கல்லச்சின் வழியே புதிய வாசகர்களும் கிடைத்தனர்.

அந்த உலகத்தில் எது மாறாதது? முதலில் அதன் முடிவு. ஹம்சா நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை. 625இல் உஹுத் போர்க்களத்தில் உயிர்நீத்தவர். கதை எத்தனை மாய நாடுகளுக்குள் திரிந்தாலும் கடைசியில் அங்கேதான் சென்று முடியவேண்டும். இரண்டாவது, பாத்திரங்களின் இயல்பு. ஹம்சா மந்திரம் செய்யமாட்டான். இறைவனின் மகா நாமத்தை உச்சரித்து மந்திரத்தை முறியடிப்பான். அவனுடைய தோழன் அமர் அய்யார் மாறுவேடத்திலும் தந்திரத்திலும் வல்லவன், காசில் கஞ்சன், அவன் பையில் உலகங்களே அடங்கும். மூன்றாவது, மாயத்தின் சட்டம். மந்திரவாதிகள் கட்டியெழுப்பிய மாய நாட்டுக்குத் திலிஸ்ம் என்று பெயர். ஒவ்வொரு திலிஸ்முக்கும் ஆயுள் உண்டு. அதை உடைக்கப் பிறந்தவனின் பெயர் முன்பே விதிக்கப்பட்டிருக்கும். உடைக்கும் வழி ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கும். மந்திரவாதி ஒருவன் செத்தால் இருள் சூழும், பேரிரைச்சல் எழும், செத்தவனின் பெயரை ஒரு குரல் அறிவிக்கும். ஆயிரம் பக்கங்களில் நூறு மந்திரவாதிகள் செத்தாலும் இந்த முறை பிசகாது. போர், விருந்து, மாயம், அய்யார்கள் எனப்படும் மாறுவேடக்காரர்களின் தந்திரம் என்ற நான்கும் கதையின் தூண்கள். இவற்றுக்கு அப்பால் எல்லாமே சொல்பவரின் உரிமை.

திலிஸ்மே ஹோஷ்ருபா என்ற பெருநூலில் இதன் பயனைத் தெளிவாகக் காணலாம். அஃப்ராசியாப் என்ற மாயச் சக்கரவர்த்தி ஆளும் அந்த நாட்டுக்கு மூன்று பகுதிகள்: வெளியே தெரிவது, மறைந்திருப்பது, இருளில் கிடப்பது. இடையில் இரத்த ஆறு ஓடுகிறது. அங்கே சிறைப்பட்ட இளவரசனை மீட்க ஹம்சாவின் பேரன் அசதும், அமரை உள்ளிட்ட ஐந்து அய்யார்களும் புறப்படுகிறார்கள். இந்த நிலவரைபடமும் அந்தச் சட்டங்களும் இருந்தால் போதும், எத்தனை ஆயிரம் பக்கங்களையும் தாங்கும். முதல் நான்கு தொகுதிகளை 1883 முதல் 1890 வரை ஜாஹ் எழுதினார். பின்னர் அவர் அச்சகத்தை விட்டுப் பிரிந்தார். எஞ்சியவற்றை கமர் எழுதி 1893க்குள் முடித்தார். நாயகர்களும் பகைவர்களும் நடுவழியில் நிற்கும்போது எழுத்தாளரே மாறினார். ஆனாலும் கதை ஓடியது. அதே ஆண்டுகளில் தஸத்துக் ஹுசைன் அதே உலகின் வேறு பகுதிகளை எழுதிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஹோஷ்ருபா கதைவரிசையில் வெகுதூரம் தள்ளி வருவது. அச்சில் வந்ததோ முதலில். ஹம்சாவின் பிறப்பையும் இளமையையும் சொல்லும் நௌஷேர்வான் நாமா அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. இன்று எந்தப் பதிப்பாளரும் தயங்கக்கூடிய இந்த வரிசைமாற்றம் அன்று யாரையும் உறுத்தவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் கதையின் அடிமரத்தை அறிந்திருந்தார்கள். எந்தக் கிளையில் ஏறினாலும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும்: தொகுதிகளுக்கிடையே முரண்பாடுகள் இருக்கின்றனவே, அப்படியானால் உலகம் குலையவில்லை என்று எப்படிச் சொல்வது? முரண்பாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. மூன்று பேர், முப்பது ஆண்டுகளுக்கு மேல், பல்லாயிரம் பக்கங்கள் எழுதும்போது நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கமுடியாது. ஆனால் அவை எந்த இடத்தில் நிகழ்கின்றன என்று பார்க்கவேண்டும். ஒரு போர் எப்போது நடந்தது, ஒரு கிளைப்பாத்திரம் எங்கே போனது என்பவற்றில் வேறுபாடு வரலாம். அமர் தாராளமனம் கொண்டவனாகவோ, ஹம்சா சூனியம் செய்பவனாகவோ எங்கும் மாறுவதில்லை. நிகழ்ச்சி பிசகினால் கேட்பவர் ஒரு கணம் புருவம் சுளிப்பார். இயல்பும் சட்டமும் பிசகினால் எழுந்து போய்விடுவார். சபையில் நேருக்கு நேர் அமர்ந்திருந்த கேட்பவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கற்றவர்கள் எதைக் காக்கவேண்டுமோ அதைக் காத்தார்கள். ஒரே ஆசிரியர் தனியே அமர்ந்து வரைபடங்களும் காலவரிசைகளும் தயாரித்துக்கொண்டு எழுதும் இன்றைய மாயப் புனைவுகளிலும் முரண்பாடுகள் உண்டு. எனவே முரண்பாடு இல்லாமையை அளவுகோலாகக் கொள்வது எந்த மாய உலகுக்கும் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. இவை அச்சகத்தின் வணிகத்துக்காக இழுத்து நீட்டப்பட்டவை. பக்கம் நிரப்பும் கூலி எழுத்து. இதில் கலைநுட்பம் தேடுவது வீண் என்பது. 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகளும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான் இருந்தார்கள். நஸீர் அஹ்மத் 1874இல் எழுதிய தௌபத்துன் நஸூஹ் நாவலில் தந்தை தன் மகனின் கதை, கவிதை நூல்களைத் தீயிலிடுகிறார். அதை அந்த நாவல் நற்செயலாகவே காட்டுகிறது. வணிக நோக்கம் இருந்தது என்பதும், திரும்பத் திரும்ப வரும் போர்க்காட்சிகள் சலிப்பூட்டும் தொகுதிகள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் நீட்டித்தல் அச்சகம் புகுத்திய வழக்கமல்ல. கதையை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அது நகராமலே கேட்பவரைக் கட்டிப்போடுவதை தாஸ்தான்கோக்கள் தங்கள் தொழிலின் உச்சத் திறமையாக மதித்தார்கள். காதலன் திரையை விலக்கப்போகும் ஒரு கணத்தைப் பல நாட்கள் நிறுத்திவைத்த கதைசொல்லியைப் பற்றிய செய்தி இன்றும் வழங்குகிறது. இந்தத் திறமை இருந்ததால்தான் ஒரு கதையை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடவும், மீண்டும் வந்து நூலைப் பிடிக்கவும் அவர்களால் முடிந்தது. வணிகம் அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது; அதை உண்டாக்கவில்லை.

மூன்றாவதாக, இது புனைந்த உலகமே அல்ல, மரபாக வந்த சொத்து. ஆகவே புதிதாக ஓர் உலகத்தைப் படைத்துப் பல நாவல்களை ஒருசேர எழுதும் செயலோடு ஒப்பிடமுடியாது என்று சொல்லலாம். ஹம்சா மரபாக வந்தவன்தான். ஹோஷ்ருபா அப்படியல்ல. பாரசீக மூலம் உண்டு, அக்பர் அவையின் ஃபைஸி இயற்றினார் என்றெல்லாம் சொல்லப்பட்டது உண்மையல்ல. அது இந்திய மண்ணில், லக்னோவின் கதைசொல்லிகள் புனைந்தது. புதியதைப் பழையதென்று சொல்லிக்கொள்வது அன்றைய மதிப்புமுறை. மரபின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மூன்று பகுதிகளும் ஒரு சக்கரவர்த்தியும் ஆயிரக்கணக்கான சூனியக்காரர்களும் கொண்ட நாட்டை உருவாக்கியது முழுமையான புனைவுச்செயல். மரபு அவர்களுக்குத் தந்தது ஆயத்தமான உலகத்தை அல்ல, உலகம் கட்டும் முறையை.

அந்த முறை உருதுவோடு நின்றுவிடவில்லை. தேவகி நந்தன் கத்ரி 1888இல் இந்தியில் வெளியிட்ட சந்திரகாந்தாவில் அய்யார்களும் வருகிறார்கள், திலிஸ்மும் வருகிறது. மந்திரத்துக்குப் பதிலாக இயந்திரங்களும் இரகசிய வழிகளும் வருகின்றன. அதே உலகில் அவர் சந்திரகாந்தா சந்ததியை எழுதினார், பூத்நாத்தைத் தொடங்கினார். 1913இல் அவர் இறந்தபோது பூத்நாத் பாதியில் நின்றது. மகன் துர்கா பிரசாத் கத்ரி அதை முடித்தார். விதிகள் தெளிவாக இருந்ததால் மகனுக்குக் கதை கைமாறியது. மறுபக்கம், நாவல் வளர்ந்தது, சபைகள் கலைந்தன. தில்லியின் கடைசி தாஸ்தான்கோவாக மதிக்கப்படும் மீர் பாகர் அலி 1928இல் இறந்தார். அச்சான தொகுதிகளும் நூலகங்களிலிருந்து மறைந்தன. சிதறிக் கிடந்த 46 தொகுதிகளையும் தேடிச் சேர்த்து, விரிவான ஆய்வும் எழுதி, அவற்றை இலக்கிய விவாதத்துக்குள் மீட்டுக்கொண்டுவந்தவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. 2005இல் அவருடைய ஊக்கத்தோடு மஹ்மூத் ஃபாரூக்கி தாஸ்தான் நிகழ்த்துகலையை மீண்டும் மேடையேற்றினார்.

ஒரே உலகில் பல நாவல்களை ஒன்றாக எழுதத் துணியும் இன்றைய எழுத்தாளர் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் முன்கூட்டியே அடைத்துப் பூட்டவேண்டியதில்லை. முடிவு, முக்கியமான சில பாத்திரங்களின் இயல்பு, அந்த உலகத்தின் சட்டம் ஆகியவற்றை உறுதியாக வகுத்துக்கொண்டு, மற்றவற்றில் கதைக்கு இடம் விடுங்கள். லக்னோவின் அந்த மூவரும் அப்படித்தான் எழுதினார்கள். 46 தொகுதிகள் அதற்குச் சாட்சி.