தொங்குவளையப் பயிற்சியும் வலுவின் இடமாற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளிலே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினாக்களுள் ஒன்று, ஒரு பயிற்சியினாற் பெறப்பட்ட வலு மற்றொரு பயிற்சிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதாகும். கயிற்றிலே தொங்கும் இரு வளையங்களிற் பல ஆண்டுகள் பழகிய ஒருவன், அதுவரை தொட்டேயிராத பெரும் பாரத்தை முதல் நாளிலேயே தூக்கிவிடுகிறான் என்பர். பாரந் தூக்குவதிற் பெயர்பெற்ற ஒருவனோ வளையங்களைப் பற்றித் தன்னுடலைத் தாங்க முயன்றதும் கைகள் நடுங்கக் கீழே இறங்கிவிடுகிறான் என்பர். இவ்விரு கூற்றுகளும் மிகைப்படுத்தியே வழங்கப்படினும், அவற்றின் அடியிலே ஓர் உண்மை உண்டு. வளையத்திற் பெற்ற வலு பிற பயிற்சிகளுக்குச் செல்லுமளவிற்குப் பிற பயிற்சிகளிற் பெற்ற வலு வளையத்திற்கு வருவதில்லை. இந்த ஒருவழிப் போக்கின் காரணத்தை அறிவதற்கு, வளையம் சீருடற்பயிற்சியினுள் எவ்வாறு புகுந்தது என்பதிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1806ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் தோல்வியுற்ற பிரசியாவிலே, தேசத்தின் மீட்சிக்கு இளைஞரின் உடல்வலுவே அடிப்படை எனக் கருதியோருள் பிரெடரிக் லூட்விக் யான் முதன்மையானவர். 1811இல் அவர் பேர்லின் நகரின் புறத்தேயுள்ள ஹாசன்ஹைடவில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை நிறுவினார். கிடைச் சட்டம், சமாந்தரச் சட்டங்கள் முதலியன அங்கேயே உருப்பெற்றன. 1816இல் ஏர்ன்ஸ்ட் ஐசலன் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலில் இப்பயிற்சிகள் முறைப்படுத்தப்பட்டன. யானின் நோக்கம் ஒரு கருவியிற் கைதேர்ந்தவரை ஆக்குவதன்று. ஓடவும், ஏறவும், மற்போர் செய்யவும், தேவை ஏற்படின் படையிற் சேரவும் வல்ல இளைஞனை ஆக்குவதேயாகும். வலு என்பது பொதுவானது. ஓரிடத்தில் ஈட்டினால் எங்கும் செலவிடலாம் என்னும் எண்ணம் இவ்வியக்கத்தின் எழுதாத கொள்கையாக இருந்தது. இக்கொள்கையை அரசும் நம்பியது போலும். 1819இல் எழுத்தாளர் கொட்செபூ ஒரு மாணவனாற் கொலையுண்டதைத் தொடர்ந்து யான் கைதுசெய்யப்பட்டார். பிரசியாவிற் பயிற்சிக்களங்கள் மூடப்பட்டன. அத்தடை 1842இலேயே நீங்கியது.

வளையம் யானின் முதற்கருவிகளுள் ஒன்றன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பாடசாலைகளுக்கேற்பச் சீருடற்பயிற்சியைத் திருத்தியமைத்த அடோல்வ் ஸ்பீசின் பெயருடன் இணைத்துப் பேசப்படுவது. தொடக்கத்தில் வளையங்கள் பெரும்பாலும் ஊசலாடுவதற்கே பயன்பட்டன. அசையாது நிற்கும் வலுநிலைகள் பின்னரே முதன்மை பெற்றன. எனினும் ஒரு வேறுபாடு தொடக்கத்திலேயே இருந்தது. சட்டங்கள் நிலத்தில் ஊன்றப்பட்டவை. வளையங்கள் கயிற்றில் தொங்குபவை. சட்டத்தைப் பற்றுபவன் உடலை மாத்திரம் ஆளவேண்டும். வளையத்தைப் பற்றுபவனோ உடலோடு கருவியையும் ஆளவேண்டும்.

1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது ஒலிம்பிக் விழாவில் வளையம் தனி நிகழ்ச்சியாக இடம்பெற்றது. கிரேக்கரான இயோவானிஸ் மித்ரோபூலோஸ் முதலிடமும், யேர்மனியரான ஹேர்மன் வைன்கேட்னர் இரண்டாமிடமும் பெற்றனர். அவ்விழாவிற் சீருடற்பயிற்சியாளர் பிற துறைகளிலும் புகுந்தமை வியப்புக்குரியது. 14 மீற்றர் கயிறேறுதலில் மூன்றாமிடம் பெற்ற பிரிட்ஸ் ஹொப்மன் 100 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்றவர். கார்ள் ஷூமான் குதிரைப் பாய்ச்சலில் வென்றதோடு மல்யுத்தத்திலும் வென்றார். மல்யுத்தத்தின் முதற் சுற்றில் அவரிடம் தோற்றவர், ஒரு கையாற் பாரந் தூக்குதலில் வெற்றியீட்டிய, உருவில் மிகப் பெரியவரான லோன்செஸ்டன் எலியட் ஆவார்.

யானின் கொள்கைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ எனத் தோன்றலாம். ஆயின் இச்சான்றை அப்படியே ஏற்பதற்கில்லை. அக்காலத்திற் போட்டியாளர் தொகை மிகச் சிறிது. இயல்பாகவே வலிமையுடையோர் எல்லா நிகழ்ச்சிகளிலும் பங்குபற்றினர். ஷூமான் சீருடற்பயிற்சியினால் மல்லரானாரா, அன்றி எதிலும் வெல்லத்தக்க உடலுடையவர் சீருடற்பயிற்சியையும் மேற்கொண்டாரா என்பதை வெற்றியாளர் பட்டியல் சொல்லாது. வலுவின் இடமாற்றம் பற்றிப் பின்னாளில் எழுந்த பல கதைகளிலும் இதே குழப்பத்தைக் காணலாம்.

பல்துறை வல்லுநன் என்னும் இலட்சியம் விரைவில் மறைந்துவிடவில்லை. 1862இல் பிராக் நகரில் மிரோஸ்லாவ் தீர்ஷ் முதலானோர் தோற்றுவித்த சொக்கோல் இயக்கம் அதனைச் சிலாவிய மக்களிடையே பரப்பியது. அதில் வளர்ந்த சுலோவேனியரான லியோன் ஷ்டூகெல் 1928இல் அம்ஸ்ரர்டாமில் வளையத்திற் பொற்பதக்கமும், 1936இல் பேர்லினில் தமது 37ஆவது வயதில் அதே கருவியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து உலக சீருடற்பயிற்சிப் போட்டிகளிற் கோலூன்றிப் பாய்தல், குண்டு போடுதல், ஓட்டம் ஆகியனவும் சேர்க்கப்பட்டிருந்தன. வளையத்தின் ஆபத்தும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. 1930இல் லக்செம்பேர்க்கில் நடைபெற்ற உலகப் போட்டியில் ஷ்டூகெலின் அணியைச் சேர்ந்த அன்ரன் மாலெய் வளையத்திலிருந்து வீழ்ந்து, அக்காயத்தால் உயிரிழந்தார்.

இரண்டாம் உலகப் போரின் பின் நிலைமை மாறியது. 1949இல் சர்வதேசச் சம்மேளனத்தின் முதலாவது புள்ளியிடல் விதிக்கோவை வெளிவந்தது. ஓட்டமும் பாய்தலும் சீருடற்பயிற்சிப் போட்டிகளிலிருந்து நீங்கின. கருவிகளில் தனித் தேர்ச்சி வளர்ந்தது. 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் வளையத்தில் வென்ற சோவியத்து ஆர்மேனியர் அல்பேட் அசார்யன், சிலுவை நிலையில் நின்றவாறே உடலை ஒருபுறம் திருப்பும் அருஞ்செயலைத் தமதாக்கினார். அந்நிலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

களத்தில் இவ்வாறு தனித் தேர்ச்சி வளர, ஆய்வுகூடத்திலும் பொதுவலு என்னும் எண்ணம் ஆட்டங்கண்டது. கற்றல் இடமாற்றம் குறித்துத் தோண்டைக், வூட்வேத் ஆகிய உளவியலாளர் 1901இல் வெளியிட்ட ஆய்வு, இரு செயல்களுக்கும் பொதுவான கூறுகள் உள்ள அளவிற்கே ஒன்றின் பயிற்சி மற்றதற்கு உதவும் என்றது. அவர்கள் ஆராய்ந்தது மனத்தின் செயல்களையேயாயினும், அம்முடிபு தசைக்கும் பொருந்துவது பின்னர் புலனாயிற்று. 1957இல் ராஷ், மோர்ஹவுஸ் என்போர் ஆறு வாரப் பயிற்சியொன்றின் முடிவைப் பழகிய உடல்நிலையிலும் பழகாத உடல்நிலையிலும் சோதித்தனர். பழகிய நிலையில் வலு தெளிவாக உயர்ந்திருந்தது. அதே தசைகளைப் பழகாத நிலையிற் சோதித்தபோது உயர்வு மிகச் சிறிதாகவோ இல்லாமலோ போயிற்று. ஈட்டப்பட்ட வலுவிற் பெரும்பகுதி தசையின் பருமனில் அன்றி, நரம்புகள் கற்ற பாடத்திலேயே தங்கியிருந்தது என்பதே இதன் பொருள். யானின் இளைஞர்கள் எங்கும் செலவிடலாம் என எண்ணிய நாணயம் அச்சடித்த ஊரிலேயே செல்லுபடியாகும் என்றாயிற்று.

இம்முடிபு வளையப் பயிற்சியின் பயனை முற்றாக மறுத்துவிடுகிறதா? மறுக்கவில்லை. பொதுவான கூறுகள் எவை என்னும் வினாவை எழுப்புகிறது. அதற்குச் சிலுவை நிலையின் பொறிமுறையை நோக்குதல் வேண்டும்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவன் கைகளை இருபுறமும் கிடையாக நீட்டி வளையங்களில் நிற்கும்போது, ஒவ்வொரு கையும் 30 கிலோகிராமைத் தாங்குகிறது. தோள் மூட்டிலிருந்து உள்ளங்கைவரை 60 சென்றிமீற்றர் எனக் கொண்டால், தோளைச் சுற்றிய திருப்புதிறன் ஏறத்தாழ 175 நியூற்றன் மீற்றராகும். இன்றைய விதிப்படி இதனை இரண்டு செக்கன்களாவது அசையாது தாங்கவேண்டும். முழங்கை மடியாதிருப்பதால் நெம்பின் நீளம் குறைய வழியில்லை. மார்பிலும் முதுகிலுமுள்ள பெருந்தசைகள் கையைக் கீழ்நோக்கி அழுத்த, தோள்பட்டை என்பைச் சூழ்ந்த சிறுதசைகள் மூட்டைத் தன்னிடத்தில் நிறுத்த, வயிறும் இடுப்பும் உடலை ஒரு பலகை போல் இறுக்கவேண்டும். இவற்றுள் ஏதேனுமொன்று தளர்ந்தாலும் வளையம் நடுங்கும்.

ஆகவே சட்டத்திற் றொங்கி உடலை இழுத்தல், சமாந்தரச் சட்டங்களில் உடலை உயர்த்தல், கைகளில் தலைகீழாக நிற்றல் ஆகியவற்றுக்கு வேண்டிய கூறுகளிற் பெரும்பாலானவை வளையப் பயிற்சியினுள்ளே அடங்கியிருக்கின்றன. ஆனால் வளையத்துக்கு வேண்டிய நேர்க்கை வலுவும், ஆடும் கருவியை அடக்கும் திறனும் அப்பயிற்சிகளில் அடங்கவில்லை. இடமாற்றம் ஒருவழியாக அமைவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் உடலின் அளவைப் பற்றியது. ஒருவனது உடல் எல்லாத் திசைகளிலும் பத்திலொரு பங்கு பெரிதானால் அவனது எடை ஏறத்தாழ 33 நூற்றுவீதமும், சிலுவை நிலைக்கு வேண்டிய திருப்புதிறன் ஏறத்தாழ 46 நூற்றுவீதமும் உயரும். தசையின் குறுக்குப்பரப்பு 21 நூற்றுவீதமே உயர்வதால், நெம்பின் நீட்சியைச் சேர்த்தாலும் அவன் பெறும் திருப்புதிறன் 33 நூற்றுவீதமே கூடும். பாரந் தூக்குபவனுக்கு உதவும் பேருருவம் வளையத்திலே சுமையாகிவிடுகிறது.

இடமாற்றத்தின் எல்லை கால்களிற் புலனாகும். வளையத்திற் கால்கள் தூக்கப்படுகின்றனவேயன்றி எதனையும் தூக்குவதில்லை. அமெரிக்கப் பயிற்றுநர் கிறிஸ்தோபர் சொமர், தம்மிடம் வளையம் பயின்ற 135 இறாத்தல் எடையுள்ள மாணவன் ஒருவன், பாரப்பயிற்சி எதுவுமின்றி, 400 இறாத்தலைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நின்றதாக எழுதியுள்ளார். பிடியின் உறுதியும், முதுகை வளையாது இறுக்கும் பழக்கமும் இச்செயலுக்கும் வளையத்துக்கும் பொதுவானவை என்பதால் இக்கதை நம்பத்தகாததன்று. எனினும் சீருடற்பயிற்சியாளர் தரைப் பயிற்சியிலும் குதிரைப் பாய்ச்சலிலும் கால்களை ஓயாது பயன்படுத்துவோர் என்பதை மறந்து, புகழ் முழுவதையும் வளையத்துக்கே சூட்டுதல் முறையன்று. ஷூமானைக் குறித்து எழுந்த வினாவே இங்கும் எழுகிறது: தெரிவுக்குத் தப்பி எஞ்சிய மிகச் சிலருள் ஒருவனை எடுத்துக்காட்டிப் பயிற்சியின் பயனை அளவிட முடியுமா?

கருவியின் ஆட்டமே வலுவைப் பெருக்கும் என்னும் கூற்றையும் இவ்விடத்தில் ஆராய்தல் தகும். அண்டர்சன், பெம் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காற்றடைத்த பந்தின்மீது மல்லாந்து பாரத்தைத் தள்ள முயன்றோரின் விசை, உறுதியான பலகையிலிருந்து தள்ளியபோது வெளிப்பட்டதிலும் ஏறத்தாழ 60 நூற்றுவீதம் குறைந்தது. தசைகளின் மின்னியக்கமோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. தசைகள் உழைத்தன, ஆனால் அவ்வுழைப்பிற் கணிசமான பங்கு உடலை நிலைநிறுத்துவதிற் செலவாயிற்று. பெரும் பாரத்தைத் தள்ளவேண்டியவன் பாரத்தைத் தள்ளியே பழகவேண்டும் என்பதையும், மூட்டைக் காக்கும் தசைகளுக்கு ஆட்டமுள்ள கருவி வேலை தருகிறது என்பதையும் இம்முடிபு ஒருங்கே உணர்த்துகிறது.

தசை வலுப்பெறும் வேகத்தில் தசைநாண் வலுப்பெறுவதில்லை. வேறிடத்தில் தசையை வளர்த்தவன் வளையத்திற்கு வந்து சிலுவை நிலையை அவசரமாக முயலும்போது, நேராக நீண்ட முழங்கையிலும் தோளிலும் சுமை விழுகிறது. நன்கறிந்த பயிற்றுநர் இதனாலேயே வளையங்களை இடுப்பளவிற்குத் தாழ்த்தி, கால்களை நிலத்தில் ஊன்றச் செய்து, தாங்கு நிலையில் மாதக்கணக்கிற் பழக்குகின்றனர். வாழ்நாள் முழுவதும் பழகியோரும் இவ்வாபத்துக்கு விலக்கல்லர். 1996இல் அத்லாந்தாவில் வளையத்திற் பொற்பதக்கம் பெற்ற இத்தாலியர் யூரி கேக்கி, சிட்னி விழாவுக்குச் சற்று முன்னர், 2000ஆம் ஆண்டில், மேற்கையின் இருதலைத்தசை நாண் அறுந்து அவ்விழாவை இழந்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர், தமது 34ஆவது வயதில், ஏதென்சில் மீண்டும் வளையங்களைப் பற்றி வெண்கலப் பதக்கம் பெற்றார்.