திருப்பிக் கொடுத்த வெற்றி

ஆட்டம் முடிந்ததும் வென்றவர் மகிழ்வர், தோற்றவர் வருந்துவர். நாட்கள் சில சென்றால் இரண்டும் மறந்துபோகும். ஆயினும், ஒரு சில ஆட்டங்கள் மட்டும் மக்கள் மனத்தை விட்டு அகலுவதில்லை. ஆடியவர் மறைந்த பின்னரும், பார்த்தவர் தம் பேரப்பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். எது நினைவில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதும் வரலாற்றின் பணிகளுள் ஒன்றே. அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து வரலாற்றிலிருந்து சில ஆட்டங்களை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அமெரிக்கர் கால்பந்து எனக் கூறுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் பக்கத்திற்கு 25 பேராக நின்று ஆடி, ரட்கர்ஸ் 6–4 என வென்றதே இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அன்று அது நம் கால்பந்தை ஒத்திருந்தது. பின்னர், யேல் கல்லூரியின் வால்ட்டர் கேம்ப் போன்றோர் விதிகளை மாற்றி மாற்றி, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டாகவே அதனை ஆக்கிவிட்டனர். ஆட்டத்தின் வன்மையால் வீரர் சிலர் உயிரிழந்ததைக் கண்டு, 1905-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டே கல்லூரியாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய அனுமதி தரப்பட்டது.

இவ்விதிகளுள் ஒன்றை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கிற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். அல்லது எல்லைக் கோட்டைக் கடக்க வேண்டும். இயலாவிடின் பந்து எதிரணிக்குப் போய்விடும். நான்கு என்பது நான்கே. ஐந்தாவது என்பது இல்லை.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் இவ்வாட்டங்கள் நடைபெறும். பழைய மாணவர்கள் தத்தம் கல்லூரிகளுக்குக் குடும்பத்தோடு திரும்பி வருவர். அவர்கள் நெஞ்சில் பதிந்த ஆட்டங்கள் பல. 1968-இல் ஹார்வர்டு அணி, கடைசி 42 நொடிகளில் 16 புள்ளிகள் எடுத்து யேல் அணியோடு 29–29 எனச் சமன் செய்தது. அதனை வெற்றியென்றே ஹார்வர்டு மாணவர் இதழ் தலைப்பிட்டு மகிழ்ந்தது. 1982-இல் கலிபோர்னியா அணியினர் இறுதி நொடியில் பந்தை ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாற்றிச் சென்றனர். ஆட்டம் முடிந்ததென்று களத்திற்குள் புகுந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவின் நடுவே ஓடி, 25–20 என வென்றனர். இவையெல்லாம் வியப்பால் நின்ற நினைவுகள். வியப்பினும் ஆழமான ஒன்றால் நின்ற ஆட்டமும் உண்டு.

1940 நவம்பர் 16. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவரில் டார்ட்மவுத் அணியைக் கார்னெல் அணி எதிர்கொண்டது. கார்னெல், 18 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி. நாட்டின் தலைசிறந்த அணி என்னும் பெருமையை எதிர்நோக்கி நின்ற அணி. ஆனால், அன்று கடைசி நிமிடம் வரை டார்ட்மவுத்தே 3–0 என முன்னணியில் இருந்தது. எல்லைக் கோட்டருகே கார்னெலின் நான்கு முயற்சிகளும் வீணாயின. பந்து டார்ட்மவுத்துக்குச் சென்றிருக்க வேண்டும். இடையில் விதிக்கப்பட்ட தண்டத்தால் கணக்குக் குழம்பிய நடுவர் ஃபிரைசெல், பந்தை மீண்டும் கார்னெலுக்கே கொடுத்துவிட்டார். இல்லாத அந்த ஐந்தாவது முயற்சியில் கார்னெல் எல்லையைக் கடந்தது. ஆட்டம் 7–3 என முடிந்தது.

ஐயம் எழுந்தது. ஆட்டத்தைப் படம் பிடித்த சுருள் ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஐந்து முயற்சிகள் ஐயமற எண்ணப்பட்டன. நடுவரும் தம் பிழையை ஒளிக்காது ஒப்புக்கொண்டார். ஆயினும், முடிந்துபோன ஆட்டத்தின் முடிவை மாற்ற எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. கார்னெல் வாளாவிருந்திருந்தால் வெற்றி அதனுடையதே. கேட்பார் இல்லை; தண்டிப்பார் இல்லை.

கார்னெல் வாளாவிருக்கவில்லை. திங்கட்கிழமையன்று டார்ட்மவுத்துக்குத் தந்தி பறந்தது: வெற்றிக்கு உரிமை கோரவில்லை, வாழ்த்துகிறோம் என்பது அதன் கருத்து. டார்ட்மவுத் அதனை ஏற்றது. ஏடுகளில் அவ்வாட்டம் 3–0 என டார்ட்மவுத்தின் வெற்றியாகவே பதிவாகியுள்ளது. தோல்வி காணாப் பெருமை அத்துடன் முடிந்தது. எவரும் பறிக்கவில்லை, அவர்களே கொடுத்தார்கள்.

சரியாக அரை நூற்றாண்டு கழித்து, அதே சோதனை வேறோர் அணிக்கு வந்தது. 1990 அக்டோபர் 6 அன்று மிசௌரி அணியின் களத்தில் கொலராடோ அணி 27–31 எனப் பின்தங்கியிருந்தது. எல்லைக் கோட்டருகே நடந்த இறுதிப் போராட்டத்தில், முயற்சியின் எண்ணைக் காட்டும் பலகையை ஒருமுறை மாற்றாது விட்டுவிட்டனர். நடுவர்களும் கவனிக்கவில்லை. ஐந்தாவது முயற்சியில் கொலராடோ எல்லையைக் கடந்து 33–31 என வென்றது. நடுவர் குழு இடைநீக்கம் செய்யப்பட்டது, முடிவு மாறவில்லை. ஆண்டிறுதியில் கொலராடோ நாட்டின் தலைமைப் பட்டத்தையும் பங்கிட்டுக்கொண்டது.

கொலராடோவின் பக்கமும் ஒரு வாதம் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. உண்மையான நான்காவது முயற்சியில், கடிகாரத்தை நிறுத்துவதற்காக அவர்கள் பந்தை வேண்டுமென்றே தரையில் அடித்தனர். அதுவே கடைசி முயற்சியென்று அறிந்திருந்தால் அவ்வாறு செய்திருக்க மாட்டார்கள். வீரர் எவரும் ஏமாற்றவில்லை. ஆனால், 1940-இலும் வீரர் எவரும் ஏமாற்றவில்லையே! இரண்டிடத்தும் பிழை நடுவருடையது. பிழை தெரிந்த பின் நடந்துகொண்ட முறையில்தான் வேறுபாடு. கொலராடோவின் பயிற்சியாளர் மெக்கார்ட்னி அன்று வெற்றியைத் துறக்க மறுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அதற்காக வருத்தம் தெரிவித்தார். பட்டம் கையில் இருந்தும் உள்ளம் அமைதி பெறவில்லை என்றே நாம் கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னுமொரு நினைவு, ஆடப்படாத ஓர் ஆட்டத்தைப் பற்றியது. 1951-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அவ்வணியின் ஆலி மேட்சன், அவ்வாண்டு பந்தோடு ஓடிக் கடந்த தொலைவில் நாட்டிலேயே முதல்வர். அவரும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். அவ்விருவரையும் விட்டுவிட்டு வந்தால் தென்மாநிலப் பெரும் போட்டியில் இடமுண்டு என்னும் நிலை வந்தபோது, அணியினர் ஒருமனதாக மறுத்துவிட்டனர். பணத்தட்டுப்பாட்டில் இருந்த பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு கால்பந்தையே கைவிட்டது. ஆனால் டோலர், தொழில்முறைக் கால்பந்தில் 1965-இல் முதல் கறுப்பின நடுவரானார். 1980-இல் அதன் இறுதிப் போட்டியிலும் பணியாற்றினார். எத்தனையாவது முயற்சி என்று கணக்கு வைப்பதும் அவர் வகித்த பொறுப்பில் அடங்கும். நீதி மறுக்கப்பட்டவர் கையிலேயே நீதியின் கணக்கு ஒப்படைக்கப்பட்டது!

தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், நன்று. வெற்றியைச் சோதித்துப் பார்க்கவும் சொல்லித் தரவேண்டும். தேர்வுத்தாளில் தவறிக் கூடிய மதிப்பெண்ணும், கடைக்காரர் மறந்து கூடுதலாகத் தந்த சில்லறையும் ஒவ்வொருவருக்கும் வாய்க்கும் ஐந்தாவது முயற்சிகளே. நமக்கு உரியதல்லாத வெற்றி நம் கையில் இருக்கும் அமானிதம். உரியவரிடம் சேர்க்கும் வரை அது சுமையே. அன்று கார்னெல் கொடுத்தது ஓர் ஆட்டத்தை. ஈட்டியது, காலம் அழிக்காத பெயரை.