தூசி படிந்த கால்களுக்கு ஒரு நீதிமன்றம்

திருவிழாவும் சந்தையும் உடன்பிறப்புகள். விழா நாளைக் குறிக்கும் 'ஃபேரியா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே சந்தையைக் குறிக்கும் 'ஃபேர்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. புனிதரின் திருநாளுக்கு மக்கள் கூடினர். கூடிய இடத்தில் வணிகர் தம் சுமையை இறக்கினர்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் புனித ஜைல்ஸ் பெயரால் நடைபெற்ற சந்தை இதற்குத் தக்க சான்று. 1096-இல் மன்னன் இரண்டாம் வில்லியம் அச்சந்தையை நடத்தும் உரிமையை ஆயர் வாக்கெலினுக்கு வழங்கினான். மூன்று நாள் சந்தை பின்னர் 16 நாள்களாக வளர்ந்தது. அந்நாள்களில் நகரத்துக் கடைகளில் வணிகம் கூடாது. சுங்கம் ஆயருக்குச் சேர்ந்தது. திருச்சபைக்கு இதில் ஆதாயம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் அக்காலச் சந்தைகளில் போற்றத்தக்க வழக்கம் ஒன்று இருந்தது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் பிணக்கு நேர்ந்தால், சந்தை நடக்கும் இடத்திலேயே ஒரு நீதிமன்றம் கூடும். அதன் பெயர் 'பியே பூத்ரே'. பிரெஞ்சு மொழியில் 'தூசி படிந்த கால்கள்' என்பது பொருள். நெடுவழி நடந்து வந்த வணிகன் வழக்குக்காக வாரக் கணக்கில் காத்திருக்க இயலாது. ஆகவே சந்தை கலையுமுன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. சந்தை உரிமையாளரின் அலுவலர் தலைமை தாங்கினாலும், தீர்ப்புச் சொன்னவர்கள் அங்கு வந்திருந்த வணிகர்களே. அலுவலர்கள் வெளி வழக்குகளையும் இழுத்துக்கொண்டு வரம்பு மீறியபோது, 1477-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தந்தச் சந்தையில் எழுந்த வழக்குகளை மட்டுமே விசாரிக்க வேண்டுமென்று கட்டுப்படுத்தியது.

அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. 1572-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றித் திரிந்த சுமைவணிகரை நாடோடிப் பிச்சைக்காரரோடு சேர்த்து எண்ணியது. அவர்களுக்குரிய தண்டனை கசையடியும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதைத் துளைப்பதும். 1697-இல் சுமைவணிகர் ஆண்டுக்கு 4 பவுன் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமென விதிக்கப்பட்டது; பொதிக் குதிரை ஒவ்வொன்றுக்கும் மேலும் 4 பவுன். ஒருகாலத்தில் தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவன் இப்போது ஐயத்துக்குரியவனானான்.

இந்த ஐயமே ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டுக்கும் வந்தது. சாலையில் இடையூறாகச் சரக்கை விரித்து வைப்பதை 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தெருவோர வணிகம் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல்தான் தெளிவாக்கியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களைத் தெருவோர வணிகர்களுக்கே ஒதுக்கியது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குரியது. தூசி படிந்த கால்கள் மீண்டும் மன்றம் ஏறின.

தெருவுக்கு ஒழுங்கு வேண்டும். நடப்போருக்கும் வழி வேண்டும். அந்த ஒழுங்கை வகுக்கும் இடத்தில் எளியவன் அமர்ந்திருக்கிறானா என்பதே வினா. லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் அந்நியரை அன்பு செய்யப் பணித்த கையோடு, நேர்மையான தராசையும் எடைக்கல்லையும் வற்புறுத்துகிறது. இவ்விரு கட்டளைகளும் அருகருகே நிற்பது பொருள் பொதிந்தது. அந்நியரை நாம் பெரும்பாலும் சந்திப்பது சந்தையில்தானே!

நம் ஆலயத் திருவிழாக்களுக்கும் வளையலும் பொரியும் பொம்மையும் சுமந்து வணிகர் வருகின்றனர். அவர்களுக்கு இடம் ஒதுக்குவதும் தரைவாடகை குறிப்பதும் நம் விழாக் குழுக்களே. அக்கூட்டத்தில் அவர்கள் குரல் என்றேனும் ஒலித்திருக்கிறதா? கொடியேற்றத்திற்கு முன் நாம் சிந்திக்கவேண்டியது இது.