உக்கடம் பெரியகுளம்: பொதுச் சேவை மேலாண்மையில் அரசும் தன்னார்வ அமைப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

நொய்யல் ஆற்றுக் குளத்தொடரில் அமைந்த உக்கடம் பெரியகுளம், வேளாண் பாசனக் குளமாக இருந்து மாநகரின் பொதுவெளியாக மாறியுள்ளது. இம்மாற்றத்தின்போது குளத்தைப் பேணும் பொறுப்பு குடிகள், பொதுப்பணித் துறை, மாநகராட்சி, தன்னார்வ அமைப்புகள், சீர்மிகு நகர நிறுவனம் எனப் பலரிடம் கைமாறியது. அக்கைமாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசும் தன்னார்வ அமைப்புகளும் இணைந்து செயல்படும்போது பணி விரைவு பெறுகிறது. ஆயினும் அன்றாடப் பராமரிப்பின் பொறுப்பும் மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் தெளிவாக வரையறுக்கப்பட்டால்தான் அப்பணி நிலைக்கும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உக்கடம், பெரியகுளம், நொய்யல், குடிமராமத்து, உள்ளாட்சி, தன்னார்வ அமைப்பு.

முன்னுரை

பொதுச் சேவைகளை அரசே நடத்த வேண்டுமா, பிறரிடம் ஒப்படைக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் செலவையும் திறனையும் பற்றியதாகவே அமைகிறது. ஒரு சேவையின் பயனாளிகள் காலப்போக்கில் மாறும்போது அதன் பொறுப்பாளர் யார் என்ற வினா அவ்விவாதத்தில் அரிதாகவே எழுகிறது. இவ்வினாவை ஆராய உக்கடம் பெரியகுளம் தக்க களமாகும். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யலின் நீர் அணைக்கட்டுகளில் தேக்கப்பட்டு, வாய்க்கால்கள் வழியாகக் குளங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. செல்வசிந்தாமணிக் குளத்தின் மிகைநீர் பெரியகுளத்திற்கும், பெரியகுளத்தின் மிகைநீர் வாலாங்குளத்திற்கும் செல்கிறது. எனவே இவற்றுள் ஒன்றைத் தனித்துப் பேணுதல் இயலாது.

குடிமராமத்தும் அதன் சிதைவும்

வாய்க்கால் தூர்வாருதல், கரை உயர்த்துதல் போன்ற சிறு பணிகளைப் பாசனம் பெறும் குடிகளே செய்வது குடிமராமத்து எனப்பட்டது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் சென்னை மாகாணத்தில் இவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. வெள்ளக் காலத்தில் உழைப்பைக் கட்டாயமாகப் பெறவும், வழக்கமான பணியைச் செய்யத் தவறியோரிடமிருந்து தொகை வசூலிக்கவும் அது வழிசெய்தது. ஊராரின் வழக்கமாக இருந்த கடமை இவ்வாறு அரசு விதிக்கும் கடமையாயிற்று. பெரும் பழுதுகளைப் பார்க்கும் பொறுப்பு பொதுப்பணித் துறையிடம் சென்றபோது, குளத்தின் மீதான முடிவுகளும் ஊரிலிருந்து விலகின.

கோயம்புத்தூர் 1866இல் நகராட்சியாகவும் 1981இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. பஞ்சாலைகளும் பொறியியல் தொழிற்கூடங்களும் பெருக, குளங்களின் ஆயக்கட்டு நிலங்கள் வீட்டுமனைகளாயின. உழவர் விலகியதும் குடிமராமத்தின் அடிப்படையே அற்றுப்போயிற்று. பாசனத்திற்கெனப் பொறுப்பேற்ற துறைக்குப் பாசனமற்ற குளத்தில் பெரிய அக்கறை இருக்கவில்லை. கழிவுநீரை உண்டாக்கும் நகரை நிருவகித்த மாநகராட்சிக்கோ குளத்தின் மீது உரிமை இல்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் வாய்க்கால்கள் சாக்கடைகளாயின. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியது.

தன்னார்வ அமைப்புகளின் வருகை

2000களின் தொடக்கத்தில் நேர்ந்த கடும் வறட்சியின் பின்னணியில், 2003இல் கோவைத் தொழில்துறையினரின் முன்முயற்சியில் ‘சிறுதுளி’ அமைப்பு தோன்றியது. குளங்களைத் தூர்வாரி நிலத்தடி நீரை மீட்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது மாநகராட்சியும் சிறுதுளி உள்ளிட்ட அமைப்புகளும் பொதுமக்களும் இணைந்து தூர்வாரினர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவரும் குடும்பத்தினரும் மண் சுமந்தனர். 2017இல் பேரூர்ப் பெரியகுளத்தில் பணி தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, வாரந்தோறும் களப்பணி என்னும் முறையைப் பல குளங்களுக்கு விரிவுபடுத்தியது.

2013ஆம் ஆண்டுப் பணி இயன்றதற்கு அதற்கு முந்தைய நிருவாக முடிவொன்று துணைநின்றது. 2010இல் பெரியகுளம் உள்ளிட்ட எட்டுக் குளங்களைப் பொதுப்பணித் துறை மாநகராட்சிக்கு 90 ஆண்டுக் குத்தகையாக வழங்கியிருந்தது. நகரை ஆளும் அமைப்பிடமே குளமும் வந்ததால், தன்னார்வ அமைப்புகள் அனுமதி பெறவும் மாநகராட்சி தன் இயந்திரங்களையும் பணியாளர்களையும் ஈடுபடுத்தவும் வழி பிறந்தது. ஆர்வலர்களின் உழைப்பைப் போற்றும் பதிவுகள் இம்முடிவுக்கு உரிய இடம் தருவதில்லை.

தன்னார்வப் பணியின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. தூர்வாருதல் ஒரு பருவத்தில் முடியும் பணி; கழிவுநீரைத் தடுத்தல் ஒவ்வொரு நாளும் நடைபெறவேண்டிய பணி. புதைசாக்கடை அமைத்தலும் வீடுகளுக்கு இணைப்பு வழங்கலும் வரி வசூலிக்கும் அதிகாரமுடைய அமைப்பாலன்றி இயலா. மத்திய அரசு 2005இல் தொடங்கிய நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின்கீழ், நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவுடைய சுத்திகரிப்பு நிலையம் உக்கடத்தில் அமைந்தது. ஆனால் புதைசாக்கடையில் இணையாத தெருக்களின் கழிவு, வாய்க்கால் வழியாகக் குளத்தையே சேர்கிறது. தூர்வாரிய குளம் மீண்டும் மாசடைவதற்குரிய காரணம் ஆர்வலரின் சோர்வன்று, இந்த இணைப்பின்மையே.

சீர்மிகு நகரமும் மாமன்றம் இல்லாத காலமும்

2016 சனவரியில் வெளியான சீர்மிகு நகரங்களின் முதல் பட்டியலிலேயே கோயம்புத்தூர் இடம்பெற்றது. இத்திட்டம் நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான தனி நிறுவனத்தால் நடத்தப்பட்டது. பெரியகுளம், வாலாங்குளம் முதலியவற்றில் நடைபாதை, பூங்கா, விளக்கு ஆகியன அமைந்தன. குப்பையும் புதருமாயிருந்த கரை மாலைநேரத்தில் மக்கள் கூடும் இடமாயிற்று. இது மெய்யான பயன்.

ஆயினும் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவில்லை. குளக்கரைப் பணிகளின் பெரும்பகுதி நடந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத இக்காலத்திலேயே. நகரின் குடிநீர் வழங்கல் தொடர்பாகப் பிரான்சு நாட்டுச் சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானதும் இதே காலத்தில், 2018 சனவரியில்தான். உள்ளாட்சிக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கல் வேண்டும்.

மாமன்றம் இல்லாமையின் விளைவைக் கரையோர மக்கள் நேரடியாக உணர்ந்தனர். குளக்கரைகளில் பல்லாண்டுகள் வாழ்ந்த குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டு, உக்கடத்திலும் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற புறநகர்ப் பகுதிகளிலும் உள்ள குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. உக்கடத்தின் சந்தைகளையும் பேருந்து நிலையத்தையும் நம்பி உழைத்தோருக்குக் கீரணத்தம் நெடுந்தொலைவு. அவர்களின் குறையை மன்றத்தில் எழுப்ப வட்ட உறுப்பினர் எவரும் அப்போது இல்லை. தன்னார்வ அமைப்புகள் குளத்திற்காகப் பேசின. ஆனால் கரையில் வாழ்ந்தோரின் சார்பாளராக அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. கட்டுமானத்தால் நீர்ப்பரப்பு குறைகிறது, பறவைகளின் வாழிடம் பாதிக்கப்படுகிறது எனச் சூழலியலாளர் எழுப்பிய கேள்விகளுக்கும் முறையான விவாத மேடை கிட்டவில்லை.

பொதுவளங்களைப் பற்றிய எலினார் ஆசுட்ரமின் 1990ஆம் ஆண்டு நூல், வளத்தைப் பயன்படுத்துவோர் விதிகளை வகுப்பதில் பங்குபெற்ற இடங்களிலேயே அவ்வளங்கள் நெடுங்காலம் நிலைத்தன எனக் காட்டியது. பழைய குடிமராமத்தில் பயன்பெறுவோரும் உழைப்போரும் ஒருவரே. இன்றைய பெரியகுளத்தின் பயனாளிகளோ நடைப்பயிற்சி செய்வோர், மீன்பிடிப்போர், நிலத்தடி நீர் பெறுவோர், கழிவுநீர் விடுவோர் எனப் பலராவர். இவர்கள் அனைவரும் ஒருங்கே அமர்ந்து பேசத்தக்க மேடை மாமன்றமும் அதன் வட்டக் குழுக்களுமே.

முடிவுரை

பெரியகுளத்தின் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உரிமையும் பொறுப்பும் ஓரமைப்பிடம் சேர்ந்த பின்னரே 2013ஆம் ஆண்டுக் கூட்டுப்பணி கைகூடியது. இரண்டாவது, தன்னார்வ அமைப்புகள் மக்களைத் திரட்டவும் அரசைத் தூண்டவும் வல்லன. அன்றாடக் கழிவுநீர் மேலாண்மையை அவற்றின்மேல் சுமத்துதல் பொருந்தாது. மூன்றாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் கட்டுமானம் விரைந்தாலும், இழப்புக்குள்ளானோரின் குரல் பதிவாகாமல் போயிற்று. 2022இல் மாமன்றம் மீண்டும் அமைந்துள்ள நிலையில், குளங்களின் பராமரிப்புக் கணக்கையும் நீரின் தர அறிக்கையையும் ஆண்டுதோறும் மன்றத்தின் முன் வைப்பதும், இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையை ஆய்ந்து பதிவு செய்வதும் உடனடித் தேவைகளாகும்.