லால்குடி வில்லும் கிடார் பெடலும்

லால்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வயலின்தான் ஞாபகம் வரும். திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் வரும் ஊர். அங்குள்ள கோயிலில் குடிகொண்ட சுவாமி, அம்பாள் மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். 1930-ல் பிறந்து 2013-ல் மறைந்த லால்குடி ஜெயராமன், வயலினைப் பாட வைத்தவர் என்று பெயரெடுத்தவர். அந்த ஊரைச் சொல்லிவிட்டு கிடார் பெடலைப் பற்றி எழுதுகிறானே என்று மூத்த நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஹாஸ்டலில் கிடார் வைத்திருக்கும் தம்பி தங்கைகளிடம் பெரியவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "இதுல சினிமா பாட்டு வாசிக்கலாம், கமகமெல்லாம் வராதுப்பா." சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

வில் உரசிக்கொண்டிருக்கும் வரை வயலினில் நாதம் நிற்கும். மீட்டும் வாத்தியத்தில் அப்படி இல்லை. விரல் பட்ட கணத்தில் உச்சம், அடுத்த கணத்திலிருந்து தேய்வுதான். 1966-ல் லால்குடி, புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கடராமன் மூவரும் வயலின், வேணு, வீணை என்று சேர்ந்து கச்சேரி செய்ய ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு பேர் ஸ்வரத்தை வேண்டுமட்டும் நீட்டலாம். வீணைக்காரர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும் நாதத்துக்குள் அசைவை முடித்தாக வேண்டும். கிடாருக்கும் இதே கஷ்டம்தான்.

வாத்தியத்தின் மேல் கை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மைசூர் டி. சௌடையா நல்ல உதாரணம். மைக் பரவலாக இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று வயலினில் தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி வயலின் ஆக்கியவர் அவர். வில் கையில் இருந்ததால் நீளம் அவருக்குப் பிரச்சனை இல்லை, சத்தம்தான் பிரச்சனை.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் செய்தது இதற்கு நேர் எதிர். மேல்நாட்டு மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும், நாலு ஜோடி. சத்தத்துக்கு அது நல்லதுதான். ஆனால் கமகத்துக்காக ஜோடியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏற வேண்டும், இம்மி பிசகினாலும் சுருதி அலைபாயும். எலக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைத் தந்தியாக ஐந்து போட்டுக்கொண்டார் ஸ்ரீனிவாஸ். சத்தத்தைப் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொண்டன, தேயும் நாதமும் காதுக்குக் கூடுதல் நேரம் எட்டியது. 1981 டிசம்பர் சீசனில் சென்னையில் அவர் மேடையேறியபோது வயது 12. அதற்குப் பிறகு மாண்டலினில் கமகம் வராது என்று சொல்ல யாருக்கு வாய் வந்திருக்கும்?

இனி பெடலுக்கு வருவோம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது, மிக்ஸர் சேனல் ஒன்று பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் கரகரவென்று ஒலித்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள், 1961-ல் பாட்டு ஹிட். பிறகு அந்தக் கரகரப்பையே சர்க்யூட்டாகக் கட்டினார் ரெக்கார்டிங் என்ஜினியர் க்ளென் ஸ்னாடி. 1962-ல் கிப்சன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், இரண்டு பேட்டரி செல், அவ்வளவுதான். கிடாரில் செல்லோவும் பித்தளை வாத்தியங்களும் ஒலிக்கும் என்பதுதான் அவர்கள் செய்த விளம்பரம். கவனியுங்கள், எல்லாம் நாதம் நிற்கிற வாத்தியங்கள்!

இதன் சூட்சுமம் நம் இரண்டாம் வருட எலக்ட்ரானிக்ஸ் பாடம்தான். அலையின் தலையைச் சீவிவிட்டால், தந்தி தேய்ந்தாலும் சீவப்படும் எல்லைக்கு மேல் இருக்கும் வரை வெளியே வரும் சத்தம் குறையாது. பெடல் இப்படித்தான் கிடாருக்கு ஒரு வில்லைக் கொடுக்கிறது.

பெடலைத் திறந்து மாற்றுவதும் அப்போதே தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ரோஜர் மேயர், ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்காக ஃபஸ் பெட்டிகளைத் திருத்திக் கொடுத்தார். அவருடைய ஆக்டேவியாவை 1967-ல் வந்த 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் கேட்கலாம். அடுத்து ஜப்பானின் ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர். 808 மாடலுக்கும் பின்னால் வந்த டி.எஸ்.9-க்கும் முக்கிய வித்தியாசம் வெளியீட்டில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்தான். 470 ஓமை 100 ஆக்கி, 100 கிலோ ஓமை 10 ஆக்கினால் புதியது பழையதாகிவிடும். உலகம் முழுக்க இதைச் செய்து கொடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

நம் சங்கீதத்துக்கு அதைவிட உபயோகமான மாற்றம் வேறொன்று. இந்த சர்க்யூட்டில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாக மெலிய வைக்கின்றன. கிடாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயியில் நாதம் ஏன் நிற்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் எல்லை 340-க்கு இறங்கும். கெய்னைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் மீட்டின் மென்மையும் அழுத்தமும் ஒன்றாகிவிடும். ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசிக்கும் சங்கீதம் நம்முடையது. இரண்டு ஸ்வரம் கலக்கும்போது வரும் வேண்டாத பிறழ்ச்சி இங்கே குறைவு. இந்த விஷயத்தில் ராக் வாசிப்பவர்களைவிட நமக்குத்தான் சௌகரியம்.

ஜெர்மேனியம்தான் உசத்தி என்று சொல்பவர்கள் உண்டு. பெங்களூர் பெல் நிறுவனம் 1962-லேயே ஜெர்மேனியம் பாகங்கள் செய்யத் தொடங்கியது. பழைய ரேடியோக்களில் அவை இருக்கும், கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் லீக்கேஜ் கரண்ட் சுமார் இரண்டு மடங்காகும். திருச்சி மே மாதத்தில் திறந்த வெளி மேடையில் அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. சிலிக்கான் டயோடே போதும்.

கிடாரில் கர்நாடக இசையை 1980-களில் சுகுமார் பிரசாத் மேடையேற்றினார். பின்னால் வந்த ஆர். பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்தவர். அடுத்தவர் நம் ஹாஸ்டலில் இருந்தால், சென்னை ரிச்சி தெருவில் அந்த 0.1 கெபாசிட்டர் சில ரூபாய்தான். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், பேட்டரியை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.