ஓடையில் தேடிய நச்சு: டார் கிரீக் ஈயச் சுரங்கத் துப்புரவின் வரலாறு

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், 1913இல் ஈயத்துக்காகவும் துத்தநாகத்துக்காகவும் எழுந்த ஊர் பிச்சர். நிலத்தில் பெரும்பகுதி குவாபா பழங்குடியினருடையது. அவர்களில் பலருக்குச் சொந்தச் சொத்தை நிர்வகிக்கும் திறன் இல்லை என்று அரசு முத்திரை குத்தியது. சுரங்கக் குத்தகைகளை, பழங்குடியினருக்கான கூட்டாட்சி அமைப்பான இந்தியர் விவகாரத் துறை மேற்பார்த்தது.

அங்கு உடல்நலக் கேடு முதலில் பதிவானது தொழிலாளர் நுரையீரலில். 1927இல் சுரங்க முதலாளிகள் சங்கமும் கூட்டாட்சிச் சுரங்கத் துறையும் ஒரு காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து பிச்சரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்தன. சிலிக்கா தூசியால் வரும் நோயும் காசநோயும் கண்டறியப்பட்டன. நோய் உறுதியான தொழிலாளி வேலையை இழந்தார். மருத்துவம் பார்ப்பதைவிட ஆள் கழிப்பதற்கே அந்தச் சோதனை பயன்பட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தாதுவை அரைத்துப் பிரித்தபின் எஞ்சிய சரளையோ ஊருக்குள்ளேயே மலையாகக் குவிந்தது. உள்ளூரில் அதன் பெயர் 'சாட்'. வீட்டு வாசல்களிலும் சாலைகளிலும் அதைக் கொட்டினர். பிள்ளைகள் மணல் என்று அதில் விளையாடினர்.

சுரங்கத் தொழில் 1970 வாக்கில் ஓய்ந்தது. அதுவரை நிலத்தடி நீரை இறைத்துவந்த பம்புகள் நின்றன, சுரங்கக் குடைவுகளில் நீர் நிரம்பியது. 1979இல் அமிலமும் உலோகமும் கலந்த செந்நிற நீர் டார் கிரீக் ஓடையில் பாய்ந்தது. 1983இல் அப்பகுதி தேசிய நச்சுத் துப்புரவுப் பட்டியலில் சேர்ந்தது. 1984இன் துப்புரவுத் தீர்மானமும் நீரையே நோக்கியது: கைவிடப்பட்ட கிணறுகளை அடைப்பது, ஓடையைத் திருப்பக் கரை கட்டுவது. ஓடையின் சிவப்பு எவர் கண்ணுக்கும் தெரியும். சாம்பல்நிறச் சரளை ஆபத்தாகத் தோன்றவில்லை.

உண்மையில் பெரிய ஆபத்து அதன் மிக நுண்ணிய துகள்களில்தான் இருந்தது. அவற்றில் ஈயச் செறிவு அதிகம். காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். குழந்தையின் குடல் பெரியவர்களுடையதைவிட அதிக ஈயத்தை உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து அது எலும்பில் தங்குகிறது, வளரும் மூளையைக் கெடுக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை.

1994இல் பழங்குடியினருக்கான இந்தியர் சுகாதாரச் சேவை அங்கு பரிசோதித்த குழந்தைகளில் சுமார் 34 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஈயம், ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அன்றைய வரம்பைத் தாண்டியிருந்தது. பட்டியலில் சேர்ந்து 11 ஆண்டுகள் கழித்தே குழந்தைகளின் ரத்தம் கணக்கில் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் வீட்டு முற்றங்களைத் தோண்டத் தொடங்கியது. நச்சு மண்ணை அகற்றி நல்ல மண் நிரப்பிய மனைகள் 2,000ஐத் தாண்டின. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அந்தப் பலனை மறுக்க முடியாது. ஆனால் சாட் குன்றுகள் அருகிலேயே நின்றன, காற்றும் நிற்கவில்லை.

ஊரைக் காலிசெய்யக் கடைசியில் காரணமானது ஈயம் மட்டுமல்ல. குடைந்த நிலம் எங்கெல்லாம் சரியக்கூடும் என்று 2006இல் ராணுவப் பொறியாளர்கள் எச்சரித்தபின் கூட்டாட்சி நிதியில் வீடுகள் வாங்கப்பட்டன. 2008 மே மாதச் சூறாவளி மிச்சத்தைச் சிதைத்தது. அடுத்த ஆண்டு நகராட்சி கலைந்தது.

குன்றுகளை அகற்றும் திட்டத்துக்கான தீர்மானம் 2008இல்தான் வந்தது. தார்ச்சாலைக் கலவையில் சாட் பிணைந்துவிட்டால் அபாயம் குறையும் என்பதால் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு. தளர்வாகக் கொட்ட அனுமதியில்லை. 2013 இறுதியில், முன்பு கத்தோலிக்கத் தேவாலயமும் பள்ளியும் இருந்த 40 ஏக்கர் நிலத்தில் துப்புரவுப் பணியைக் குவாபா மக்களே நடத்தத் தொடங்கினர். தேசிய நச்சுத் துப்புரவுத் திட்டத்தின் வரலாற்றில் ஒரு பழங்குடி அரசு பொறுப்பேற்று நடத்திய முதல் துப்புரவு அது. தம் சொத்தைத் தாமே கவனிக்கத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டோரின் வாரிசுகள் அவர்கள்.